பெய்தால், பெய்திருந்தால்: ஆங்கில நிபந்தனை வாக்கியங்களில் காலமும் துணைவினையும்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தைச் சேர்ந்த ஓடைப்பட்டி, விதையில்லாத் திராட்சைக்குப் பெயர்போன ஊர். பழுத்த குலைகள் பந்தலில் தொங்கும் நேரத்தில் வானம் கறுத்தால் அங்கே எல்லோர் வாயிலும் வரும் வாக்கியம் “மழை பேஞ்சா பழம் வெடிச்சிரும்” என்பதே. எழுத்துத் தமிழில் இது “மழை பெய்தால் பழம் வெடித்துவிடும்” என்றாகும். இதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்ல முனையும் மாணவர், தமிழில் ஒருபோதும் கேட்டுக்கொள்ளத் தேவைப்படாத ஒரு கேள்விக்கு முதலில் விடை சொல்லியாக வேண்டும்: மழை உண்மையிலேயே பெய்யக்கூடுமா, பெய்யாது என்று தெரிந்தும் ஒரு பேச்சுக்குச் சொல்லப்படுகிறதா, அல்லது பெய்யும் காலம் கடந்து இனி மாற்ற முடியாததாகிவிட்டதா? முதலாவதற்கு “இஃப் இட் ரெயின்ஸ், தி ஃப்ரூட் வில் கிராக்” என்றும், இரண்டாவதற்கு “இஃப் இட் ரெயின்ட், தி ஃப்ரூட் வுட் கிராக்” என்றும், மூன்றாவதற்கு “இஃப் இட் ஹேட் ரெயின்ட், தி ஃப்ரூட் வுட் ஹேவ் கிராக்ட்” என்றும் ஆங்கிலம் மூன்று வடிவங்களை வைத்திருக்கிறது. தமிழோ முதல் இரண்டுக்கும் ‘பெய்தால்’ என்ற ஒரே சொல்லைத் தந்துவிட்டு, மூன்றாவதற்கு மட்டும் ‘பெய்திருந்தால்’ என்று வடிவத்தை மாற்றுகிறது.

இக்கட்டுரையில் ‘இஃப்’ என்று தொடங்கும் பகுதி நிபந்தனைக் கூறு என்றும், அதன் விளைவைச் சொல்லும் பகுதி முடிவுக் கூறு என்றும் வழங்கப்படும். வில், வுட், கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், மஸ்ட் ஆகியவை, வினை உறுதியா, இயலுமா, கூடுமா, கடமையா என்ற பேசுவோரின் பார்வையைக் காட்டுவதால் பார்வைத் துணைவினைகள் எனப்படும். ஆங்கில ஆசிரியர்கள் இவற்றை மோடல் என்றே சொல்கிறார்கள்.

பள்ளிகளில் இப்பாடத்திற்கு ‘இஃப் கிளாஸ்’ என்று பெயர். நிகழ்காலம் வந்தால் வில், இறந்தகாலம் வந்தால் வுட், ஹேட் வந்தால் வுட் ஹேவ் என்ற மூன்று வரிச் சூத்திரமாக அது கரும்பலகையில் எழுதப்படுகிறது. முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்ற இந்தப் பகுப்பு ஆங்கிலத்தைப் பிறமொழியாளருக்குக் கற்பிக்க இருபதாம் நூற்றாண்டில் எழுந்த பாடநூல்களின் வழியே பரவியது. தாம்சன், மார்டினெட் இருவரும் எழுதி 1960இல் வெளியான நடைமுறை ஆங்கில இலக்கண நூல் அவற்றுள் பரவலாக அறியப்பட்ட ஒன்று. கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாவுக்கு இச்சூத்திரம் நன்றாகவே உதவுகிறது, மதிப்பெண்ணும் வாங்கித் தருகிறது. ஆனால் ஏன் இறந்தகாலம், அதுவும் நாளை நடக்கப்போவதைப் பற்றிப் பேசும்போது ஏன், என்று ஒரு மாணவி கேட்டுவிட்டால் சூத்திரத்திடம் பதில் கிடையாது.

பதில் ஆங்கில இலக்கண ஆய்வில் நெடுநாளாகவே இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலாளர் ஆட்டோ யெஸ்பர்சன், 1924இல் வெளியிட்ட தம் இலக்கணத் தத்துவ நூலில், இறந்தகால வடிவம் எப்போதும் இறந்த காலத்தைக் குறிப்பதில்லை என்றும், உண்மையல்லாததைக் குறிக்கவும் அது பயன்படுகிறது என்றும் எடுத்துக்காட்டினார். 1985இல் குவர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் ஆகிய நால்வர் வெளியிட்ட பேரிலக்கணமும், 2002இல் ஹடில்ஸ்டன், புல்லம் இருவர் தலைமையில் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட பேரிலக்கணமும் இதே வழியில் சென்றன. பின்னது மூன்று வகைப் பகுப்பைக் கைவிட்டு, நிபந்தனைகளைத் திறந்தவை, தொலைவானவை என்று இரண்டாகவே பிரிக்கிறது. நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று கதவைத் திறந்து வைத்திருப்பது திறந்த நிபந்தனை. நடப்பு உலகத்திலிருந்து விலகி நின்று கற்பித்துக்கொள்வது தொலைவான நிபந்தனை. அந்தத் தொலைவைக் காட்டும் அடையாளமே ‘ரெயின்ட்’ என்பதிலுள்ள இறந்தகால உருபு. மொழியியலாளர் சபீன் இயட்ரிடு 2000இல் எழுதிய கட்டுரை இன்னும் ஓர் அடி முன்னே சென்றது. இறந்தகால உருபின் அடிப்படைப் பொருள் ‘இது அல்ல’ என்பதே என்றும், அது நேரத்தின்மேல் ஏறினால் ‘இந்த நேரம் அல்ல’ என்று இறந்தகாலமாகவும், உலகத்தின்மேல் ஏறினால் ‘இந்த உலகம் அல்ல’ என்று கற்பனையாகவும் விளங்குகிறது என்றும் கிரேக்கத்தையும் ஆங்கிலத்தையும் ஒப்பிட்டு அவர் வாதிட்டார். வரலாற்றுக் காரணமும் ஒன்று உண்டு. பழைய ஆங்கிலத்தில் உண்மையல்லாததைச் சொல்ல வினைக்குத் தனி வடிவங்கள் இருந்தன. காலப்போக்கில் அவற்றின் ஈறுகள் தேய்ந்து சாதாரண இறந்தகால வடிவத்தோடு கலந்துவிட, “இஃப் ஐ வேர் யூ” என்பதிலுள்ள ‘வேர்’ மட்டும் பழைய வீட்டின் ஒற்றைத் தூணாக எஞ்சியது. இன்று அதையும் ‘வாஸ்’ தள்ளிக்கொண்டிருக்கிறது.

இந்த ஆய்வுகளைப் படிக்கும் தமிழ் அறிந்தவருக்கு வியப்பு தோன்ற வேண்டிய இடம் வேறு. நிபந்தனையில் இறந்தகால உருபு வருவது தமிழுக்குப் புதிதே அல்ல. நன்னூல் இறந்தகால இடைநிலைகளாகக் கூறும் த், ட், ற், இன் ஆகிய நான்கும் அப்படியே ‘ஆல்’ ஈற்றுக்கு முன்னால் வந்து நிற்கின்றன: செய்தால், உண்டால், தின்றால், ஓடினால். நாளை பெய்யப்போகும் மழையைப் பற்றித்தான் பேச்சு, ஆனால் சொல்லின் நடுவே இருப்பது நேற்றைய உருபு. இதை எந்தத் தமிழ்க் குழந்தையும் கேள்வி கேட்பதில்லை. தாமஸ் லேமன் 1989இல் புதுச்சேரியில் வெளியிட்ட இக்காலத் தமிழ் இலக்கணம் உள்ளிட்ட நவீன விளக்க இலக்கணங்கள், இறந்தகால அடியோடு ‘ஆல்’ சேர்ந்து நிபந்தனை எச்சம் உருவாகிறது என்றே இதை விவரிக்கின்றன.

பழந்தமிழ் இப்படி இல்லை என்பது கவனிக்கத்தக்கது. தொல்காப்பிய வினையியல் வகுக்கும் ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளுள் நிபந்தனைக்கு உரியது ‘செயின்’. அதில் இறந்தகால உருபு எதுவும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் பன்னிரண்டு வாய்பாடுகளைத் தொகுத்து, முதல் ஐந்தை இறந்தகாலத்துக்கும், ஒன்றை நிகழ்காலத்துக்கும், ஆறை எதிர்காலத்துக்கும் உரியவையாகப் பிரித்தபோது, ‘செயின்’ எதிர்கால வரிசையில்தான் இடம்பெற்றது. அதாவது, நிபந்தனை என்பது இன்னும் நடக்காதது என்ற பொருளை இலக்கணிகள் தெளிவாகவே உணர்ந்திருந்தார்கள். இன்னொரு பக்கம் தொல்காப்பியம் கால், கடை, வழி, இடத்து போன்ற ஈறுகளையும் எச்சங்களாகக் குறிப்பிடுகிறது. ‘செய்தக்கால்’, ‘செய்தவழி’, ‘செய்தவிடத்து’ என்று இவை வரும்போது, செயல் முடிந்துவிட்ட ஒரு நேரத்தையோ இடத்தையோ மனத்தில் நிறுத்தி, அங்கிருந்து விளைவைப் பார்க்கும் நிலை உருவாகிறது. பெய்து முடிந்த ஒரு கணத்தில் நின்று வெடித்த பழத்தைப் பார்ப்பதே ‘பெய்தால்’ என்பதன் உள்ளிருக்கும் காட்சி எனலாம். விளைவுக்கு முன்னே காரணம் முடிந்திருக்க வேண்டும் என்ற முறையே இங்கு இறந்தகால உருபாக நிற்கிறது.

இரு மொழிகளும் இங்கே நெருங்கி வந்தாலும் முழுமையாக ஒன்றிவிடவில்லை. ஆங்கிலத்தில் இறந்தகால உருபைத் தேர்வதும் விடுவதும் பொருள் வேறுபாடு. ‘ரெயின்ஸ்’ என்றால் கதவு திறந்திருக்கிறது, ‘ரெயின்ட்’ என்றால் சாத்தியம் தள்ளிப் போய்விட்டது. தமிழில் அப்படித் தேர்வு கிடையாது, இவ்விரண்டுக்கும் ‘பெய்தால்’ ஒன்றே. திறந்ததா தொலைவானதா என்பதை முடிவுக் கூறும், ‘ஒருவேளை’, ‘மட்டும்’ போன்ற சொற்களும், பேசுவோரின் குரலும் பார்த்துக்கொள்கின்றன. ஆகவே தமிழ் மாணவருக்கு உண்மையான சிக்கல் ‘ஏன் இறந்தகாலம்’ என்பது அல்ல, ‘எப்போது இறந்தகாலம் கூடாது’ என்பதே. கரும்பலகைச் சூத்திரம் இந்தக் கேள்வியைக் கேட்கவே விடாமல், தெரியாத ஒன்றைப் புதிதாகப் புகட்டுவதுபோலப் பாடத்தைத் தொடங்கிவிடுகிறது.

அடுத்து, நிபந்தனைக் கூறில் ‘வில்’ வரக்கூடாது என்ற விதி. “இஃப் இட் வில் ரெயின்” என்ற பிழையைத் திருத்தாத ஆங்கில ஆசிரியர் இருக்க முடியாது. இதைத் தமிழின் பாதிப்பு என்று சொல்லிவிடும் வழக்கம் உண்டு. ஆனால் ‘பெய்தால்’ என்பதில் எதிர்கால உருபே இல்லை என்பதால் அது பொருந்தவில்லை. எதிர்காலம் என்றால் வில் என்று வகுப்பறையில் முன்னரே மனப்பாடமான இன்னொரு சூத்திரம்தான் இந்தப் பிழையின் தாய் என்று கொள்வதே பொருத்தம். தமிழ் உண்மையில் குறுக்கிடும் இடம் ‘என்றால்’. ‘வந்தால்’ என்பதும் ‘வருவான் என்றால்’ என்பதும் ஒன்றல்ல. முன்னது வருகை என்ற நிகழ்ச்சியை நிபந்தனையாக்குகிறது. பின்னது ‘அவன் வருவான்’ என்ற செய்தியை, அல்லது அவன் கொடுத்த வாக்கை, நிபந்தனையாக்குகிறது. வியாபாரி நாளை வருவார் என்றால் இன்றே வெட்டி வைக்கலாம் என்று ஓடைப்பட்டித் தோட்டத்தில் ஒருவர் சொல்லும்போது, வெட்டு நடப்பது வருகைக்கு முன்னால். வந்த பிறகு வெட்டுவதாக இருந்தால் ‘வியாபாரி வந்தால் வெட்டலாம்’ என்றுதான் அவரே சொல்வார்.

இதே வேறுபாடு ஆங்கிலத்திலும் உண்டு என்பதுதான் வகுப்பறை சொல்லாமல் விடும் செய்தி. நிகழ்ச்சியை நிபந்தனையாக்கும்போது ‘வில்’ விலகுகிறது. சொல்லப்பட்ட செய்தியையோ ஒருவரின் இசைவையோ நிபந்தனையாக்கும்போது ‘வில்’ தாராளமாக வருகிறது. “இஃப் யூ வில் வெயிட் எ மினிட்” என்றால் ‘நீங்கள் காத்திருக்கச் சம்மதித்தால்’ என்று பொருள். “இஃப் இட் வில் ஹெல்ப், டேக் மை லாரி” என்றால் ‘உதவும் என்றால் என் லாரியை எடுத்துக்கொள்’ என்று பொருள், இங்கே உதவி லாரியை எடுத்த பிறகே நடக்கும். மொழியியலாளர் பார்பரா டான்சிகியர் 1998இல் வெளியிட்ட நிபந்தனையும் முன்னுரைப்பும் பற்றிய நூலில், முன்னறிந்து சொல்லும் நிபந்தனைகளில் மட்டுமே ஆங்கிலம் காலத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்றும், மற்றவற்றில் வினை தன் இயல்பான காலத்திலேயே நிற்கிறது என்றும் விளக்கினார். தமிழில் ‘ஆல்’ வரும் இடம், ‘என்றால்’ வரும் இடம் என்று பிரித்தால் இந்த எல்லைக்கோடு பெரும்பாலும் அப்படியே விழுகிறது. இவ்வளவு கைக்கருகில் இருக்கும் கருவியைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எடுத்துப் பயன்படுத்தாமல் இருப்பது ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தின் விளைவாகவே தோன்றுகிறது.

முடிவுக் கூறுக்கு வந்தால், ‘வுட்’ என்பது ‘வில்’லின் இறந்தகாலம். நிபந்தனைக் கூறு தொலைவுக்குப் போனதும் முடிவுக் கூறும் அதே உருபைப் பூண்டு பின்தொடர்கிறது. கேன், மே, ஷல் ஆகியவையும் இவ்வாறே குட், மைட், ஷுட் ஆகின்றன. ‘மஸ்ட்’ மட்டும் தானே ஒரு பழைய இறந்தகால வடிவமாக இருந்து நிகழ்காலமாகிவிட்டதால் மேலும் பின்னே போக அதற்கு வடிவம் இல்லை. தமிழ் இவ்விடத்தில் எதிர்கால உருபை விடாமல் பிடித்துக்கொள்கிறது: ‘கொடுப்பேன்’, ‘கொடுத்திருப்பேன்’. நடக்காமலே போன நேற்றைய செயலைச் சொல்ல ‘இருப்பேன்’ என்ற எதிர்கால வடிவம் வருவது முதல் பார்வைக்கு விந்தையாக இருக்கலாம். ஆனால் தமிழின் இந்தக் காலம் எதிர்காலத்தை மட்டும் சுட்டுவதில்லை. ‘சின்ன வயதில் ஆற்றில்தான் குளிப்போம்’ என்று பழைய வழக்கத்தையும் அதுவே சொல்லும். ஆங்கில ‘வுட்’டும் அதே பழைய வழக்கத்தைச் சொல்லப் பயன்படுகிறது. உறவே இல்லாத இரு மொழிகளில் வழக்கமும் கற்பனையும் ஒரே வடிவத்தில் வந்து தங்குவது தற்செயல் என்று தள்ளிவிட முடியாதது. நேரில் நடப்பதாகக் காட்டாமல், நடக்கும் இயல்புடையதாக மட்டும் ஒரு செயலைச் சொல்வது இரண்டுக்கும் பொது.

பொது உண்மைகளைச் சொல்லும் வாக்கியங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘கவாத்து செய்தால் கொடி தளிர்க்கும்’ என்பதற்கு ஆங்கிலம் இரு கூறிலும் நிகழ்காலத்தையே விரும்புகிறது. தமிழ் மாணவர் ‘தளிர்க்கும்’ என்பதற்கு ‘வில்’ போட்டாலும் அது பிழையாகாது.

மூன்று வகைச் சூத்திரம் முற்றிலும் கைவிட்டுவிடும் ஒரு வாக்கியம் உண்டு: ‘அன்றைக்கே மருந்து அடித்திருந்தால் இன்றைக்குக் குலை நன்றாக இருக்கும்’. நிபந்தனை நேற்றையது, விளைவு இன்றையது. தோட்டத்தில் அடிச்சாம்பல் நோய் விழுந்த பிறகு தினமும் பேசப்படும் இந்த வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் “இஃப் ஹீ ஹேட் ஸ்ப்ரேட் தென், தி பஞ்சஸ் வுட் பி ஃபைன் நவ்” என்று மூன்றாம் வகையின் தலையும் இரண்டாம் வகையின் உடலும் சேர வேண்டும். இதைக் கலப்பு நிபந்தனை என்று பின்னாளைய பாடநூல்கள் தனி வகையாகச் சேர்த்துக்கொண்டன. உண்மையில் அது வகையே அல்ல. ஒவ்வொரு கூறும் தன் நேரத்தைத் தானே தேர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். தமிழ் வாக்கியத்தைப் பார்த்தாலே ‘அடித்திருந்தால்’ ஒரு நேரத்தையும் ‘இருக்கும்’ வேறொரு நேரத்தையும் காட்டுவது விளங்கிவிடும். மாறாக, ‘வந்திருந்தால் கொடுத்திருப்பேன்’ என்பதில் இருபுறமும் ‘இரு’ வருவதால், ஆங்கிலத்திலும் இருபுறமும் ஒத்த ஓசை தேடி “இஃப் ஐ வுட் ஹேவ் நோன்” என்று எழுதும் சாய்வு உண்டாகிறது. அமெரிக்கப் பேச்சு வழக்கிலும் இது பரவலாகக் கேட்கும் வடிவம்தான் என்றாலும் எழுத்தில் இன்னும் ஏற்கப்படவில்லை.

கடினமான இடம் ‘லாம்’. ‘போகலாம்’ என்பது அனுமதியாகவும் இருக்கும், கூடுமென்ற ஊகமாகவும் இருக்கும், சேர்ந்து கிளம்ப அழைப்பதாகவும் இருக்கும். அதை ‘இரு’வோடு சேர்த்து ‘மருந்து அடிச்சிருக்கலாம்’ என்று சொல்லும்போது சிக்கல் மும்மடங்காகிறது. அடித்தாரோ இல்லையோ, அடித்திருக்கக்கூடும் என்று ஊகித்தால் ஆங்கிலத்தில் ‘மே ஹேவ்’. அடிக்க வாய்ப்பு இருந்தும் அடிக்கவில்லை என்றால் ‘குட் ஹேவ்’. அடித்திருக்க வேண்டியது, தவறிவிட்டது என்று குறைபட்டால் ‘ஷுட் ஹேவ்’. முதலாவதில் மருந்து அடிக்கப்பட்டதா என்று தெரியாது, மற்ற இரண்டிலும் அடிக்கப்படவில்லை என்று தெரியும். பந்தலுக்கடியில் நின்று பேசும் இருவருக்கு இலையின் நிறமே இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுவதால் தமிழுக்குக் குறை ஏதும் நேர்வதில்லை. அதே வாக்கியம் ஆங்கிலத்தில் ஒரு கடிதமாகவோ காப்பீட்டு மனுவாகவோ எழுதப்படும்போது, எந்த ‘ஹேவ்’ என்பதைப் பொறுத்து எழுதியவர் ஐயத்தைப் பதிகிறாரா, தவறை ஒப்புக்கொள்கிறாரா என்பதே மாறிவிடும்.

இந்திய ஆங்கிலம் இந்தத் துணைவினைகளைத் தனக்கென்று ஒரு வழியில் கையாள்கிறது என்பதும் பதிவாகியிருக்கிறது. கூட்டம் நடைபெறும் என்பதை ‘வில்’ கொண்டு சொல்லாமல் ‘வுட்’ கொண்டு அறிவிப்பது நாடெங்கும் காணும் வழக்கம். நிபந்தனையே இல்லாத இடத்தில் வரும் இந்த ‘வுட்’, மரியாதைக்கும் அடக்கத்துக்கும் உரியதாக இங்கே கருதப்படுகிறது. பிரிட்டிஷ் வாசகருக்கோ, ‘எந்த நிபந்தனை நிறைவேறினால் நடைபெறும்?’ என்ற கேள்வி எழும். தமிழில் ‘வரலாம்’, ‘செய்யலாமே’ என்று தணித்துச் சொல்லும் பண்பாட்டின் நிழல் இதில் விழுந்திருக்கக்கூடும்.

சட்ட மொழியில் நிபந்தனையின் தோற்றம் வேறு. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் நீர் வரலாற்றிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மன்னருக்கும் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சருக்கும் இடையே ஆங்கிலத்தில் எழுதப்பட்ட, பெரியாறு அணைக்கான குத்தகை 999 ஆண்டுகளுக்கு உரியது. அந்தக் காலம் முடிந்தபின், குத்தகைதாரர் விரும்பினால் மேலும் 999 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துத் தரப்பட வேண்டும் என்ற ஏற்பாடும் அதில் உண்டு. ‘விரும்பினால்’ என்ற அந்த நிபந்தனை கி.பி. 2885ஆம் ஆண்டு வாக்கில் நிறைவேற வேண்டியது. ஆனாலும் அது தொலைவான நிபந்தனை அல்ல, திறந்த நிபந்தனை. எத்தனை ஆண்டு தள்ளியிருக்கிறது என்பதற்கும் இலக்கணம் சொல்லும் தொலைவுக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. நாளைக் காலை மழையைப் பற்றி ‘ரெயின்ட்’ என்று சொன்னால் அது தொலைவு; ஆயிரம் ஆண்டுக்குப் பின் வரும் விருப்பத்தை நிகழ்கால வடிவில் எழுதினால் அது கைக்கெட்டும் உரிமை. முடிவுக் கூறில் கடமையைக் குறிக்க ஆங்கிலச் சட்ட எழுத்து நம்பியிருக்கும் சொல் ‘ஷல்’. ‘கடன்பட்டிருத்தல்’ என்ற அதன் பழைய பொருள் அன்றாடப் பேச்சில் தேய்ந்துவிட்டாலும் ஒப்பந்தங்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது பூச்சிமருந்துப் புட்டியோடு வரும் மடிப்புத்தாள். நஞ்சின் அறிகுறிகளும் முதலுதவியும் அதில் இடம்பெற வேண்டும் என்பது 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 1971 விதிகளின் ஏற்பாடு. “இஃப் ஸ்வாலோட்” என்று தொடங்கும் இவ்வகை வாக்கியங்களில் எழுவாய் இல்லை, காலம் இல்லை, துணைவினை இல்லை. அடுத்து வருவது நேரடிக் கட்டளை. ‘ஸ்வாலோட்’ இங்கே இறந்தகாலமும் அல்ல, ‘விழுங்கப்பட்ட’ என்ற எச்ச வடிவம். மூன்று வகைச் சூத்திரத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் மாணவர் இதை இரண்டாம் வகை என்று எண்ணி ‘வுட்’டைத் தேடுவார். அவர் வீட்டில் மருந்து தெளிப்பவர்கள் ‘வாயில பட்டுட்டா ஒடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ’ என்று சொல்லும்போது, ‘பட்டுட்டா’ என்பதிலும் அதே இறந்தகால உருபு இருக்கிறது, அதையடுத்து வருவதும் அதே கட்டளைதான்.